இணையத்தில் நாலு மனிதரைச் சம்பாதிப்பது எப்படி: ஒரு புரூஃப் ரீடரின் குறிப்புகள்

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் புரூஃப் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். காலண்டர், பள்ளிக்கூட நோட்ஸ், கோயில் கும்பாபிஷேக மலர், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் என் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். இப்போது வீட்டில் உட்கார்ந்து, விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான தமிழ் விக்கிமூலத்தில் பழைய புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். சம்பளம் கிடையாது. ஆனால் யாழ்ப்பாணத்திலும் சேலத்திலும் கனடாவிலும் எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ராத்திரி ஒரு சந்தேகத்தைப் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் பதில் காத்திருக்கும்.

என் உறவுக்காரப் பையன்கள் பகல் முழுக்க ஃபோனில் கிடப்பவர்கள். ஆயிரக்கணக்கில் ஃபாலோயர்கள். ஆனால் அவசரத்துக்கு ஒரு சந்தேகம் கேட்க ஒருத்தரும் இல்லை என்கிறார்கள். "உங்களுக்கு மட்டும் எப்படிப் பெரியப்பா அமையுது?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது விக்கி உலகம் என்பதால் உதாரணமெல்லாம் அங்கிருந்துதான். நீங்கள் பறவை பார்ப்பவர்கள் குழுவிலோ மாடித்தோட்டக் குழுவிலோ இருந்தால் உங்களுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

நட்பைத் தேடாதீர்கள், வேலையைத் தேடுங்கள்

"ஹாய், நண்பர்களாக இருக்கலாமா" என்று உள்ளே நுழைகிற ஆளுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். சொல்பவர்களிலும் பாதிப்பேர் எதையாவது விற்க வந்தவர்களாக இருப்பார்கள். இன்னொருவர் எடுத்துப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லக்கூடிய ஒரு வேலையைச் செய்யுங்கள். அதன் வழியாக வருகிற பழக்கம்தான் நிற்கிறது.

விக்கிமூலம் இதற்கென்றே கட்டியதுபோல இருக்கும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும் காப்புரிமை முடிந்த நூல்களையும் அங்கே ஸ்கேன் செய்து ஏற்றியிருப்பார்கள். ஒரு பக்கம் படம், இன்னொரு பக்கம் ஓசிஆர் என்கிற மென்பொருள் அந்தப் படத்தைப் படித்து எடுத்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பில் இருக்கும். ஒருவர் பார்த்து முடித்ததும் மஞ்சளாகும். இரண்டாவதாக இன்னொருவர் பார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, மென்பொருள் அந்தப் பொத்தானையே அவருக்குக் காட்டாது. கணக்கு இல்லாமல் வருகிறவர் எழுத்தைத் திருத்தலாம், ஆனால் நிறத்தை மாற்ற முடியாது. அதாவது உங்கள் வேலை முடிய வேண்டுமென்றால், முகம் தெரியாத இன்னொரு ஆள் அதை எழுத்தெழுத்தாகப் படித்தே ஆக வேண்டும். அச்சகத்தில் இந்த ஒழுங்கைக் கொண்டுவர முதலாளியிடம் நாங்கள் எவ்வளவோ மன்றாடியிருக்கிறோம். இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் யார் தருவது என்பார்.

படிக்கிறவருக்கு உங்களைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். ஓசிஆர் செய்கிற கோளாறுகள் தனி ரகம். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ர வந்து உட்காரும், "காரணம்" என்பது "கரரணம்" ஆகும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான புத்தகங்களில் ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை போட்ட பழைய வடிவத்தில் இருக்கும். ஓசிஆர் அங்கே தடுமாறி விழும். எல்லாவற்றையும்விட மோசம் "கௌரவம்". ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்ந்து "கெளரவம்" என்று வந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் பின்னால் யாராவது தேடினால் அந்தச் சொல் அகப்படாது. இதைத் திருத்தியிருக்கிறீர்களா, வரி உடைந்த இடத்தில் சொல்லை ஒட்டியிருக்கிறீர்களா, அடிக்குறிப்பை விட்டுவிட்டீர்களா என்பதையெல்லாம் இரண்டாவது ஆள் பார்க்கிறார். நாலைந்து பக்கத்துக்குள் உங்கள் பொறுமை எவ்வளவு, சோம்பல் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடுவார். நீங்கள் உங்களைப் பற்றி எதுவும் சொல்லத் தேவையே இல்லை.

ஆக முதல் காரியம் இதுதான். நீங்கள் சேரும் குழுவில் இப்படி மற்றவர் சரிபார்க்கிற வேலை எது என்று கண்டுபிடியுங்கள். பறவைக் குழு என்றால் தேதி, இடம், படத்தோடு ஒரு பதிவு. தோட்டக் குழு என்றால் விதை அனுப்புவதும், அது முளைத்ததா இல்லையா என்று ஒளிக்காமல் சொல்வதும். வெறும் பேச்சு மட்டுமே நடக்கிற குழுவில் நம்பிக்கை வளர ரொம்ப நாளாகும், சில குழுக்களில் வளரவே வளராது.

தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்கமும் அப்படித்தான். அது பிறந்த நாள் என்று 2003 செப்டம்பர் 30ஐச் சொல்வார்கள். அந்த ஆண்டு இறுதியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்த இ. மயூரநாதன் உள்ளே வந்தார். இலங்கைக்காரர், கட்டடக்கலைஞர். அப்போது அங்கே பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை. அவர் பாட்டுக்கு இடைமுகத்தைத் தமிழாக்கினார், கட்டுரை எழுதினார். அதைப் பார்த்து இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். பின்னாளில் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு இயல் விருது கொடுத்தது.

பெயரும் முகவரியும்

சொந்தப் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒன்றே ஒன்று. அதை மாற்றிக்கொண்டே இருந்தால் நேற்று உங்கள் பக்கத்தைப் பச்சையாக்கியவருக்கு இன்று நீங்கள் யாரோ. விக்கியில் கணக்கை அழிக்கவும் முடியாது, வேண்டுமானால் பெயர் மாற்றிக் கேட்கலாம். செய்த திருத்தமெல்லாம் வரலாற்றில் அப்படியே கிடக்கும். ஆகவே ஐந்து வருஷம் கழித்தும் உங்களுக்குக் கூச்சம் தராத பெயராக வையுங்கள். "தல வெறியன்" என்ற பெயரில் ஒருவர் திருக்குறள் உரைக்கு மெய்ப்புப் பார்த்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பின்னால் அவருக்கே ஆட்சேபம் வரும்.

உங்கள் பயனர் பக்கத்தில் நாலு வரி போதும். என்ன வேலை தெரியும், எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும், எந்த நேரத்தில் இணையத்தில் இருப்பீர்கள், உங்களால் எதைச் செய்ய முடியாது. கடைசி விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. நான் எழுதியிருக்கிறேன்: "அட்டவணை போடத் தெரியாது, கேட்காதீர்கள்." அதைப் பார்த்துத்தான் சேலத்து இளைஞர் ஒருவர் என் புத்தகங்களில் அட்டவணை வருகிற பக்கங்களைத் தானாகவே எடுத்துச் செய்ய ஆரம்பித்தார். பதிலுக்கு அவர் தொடங்கிய புத்தகங்களில் பழைய எழுத்து வருகிற பக்கங்களை நான் பார்க்கிறேன்.

வீட்டு முகவரி, தொலைபேசி எண், பிள்ளைகள் படிக்கிற பள்ளி, இவை எதுவும் வேண்டாம்.

இல்லாத பட்டத்தைப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் எஸ்ஜே என்ற பெயரில் ஒருவர் இருந்தார். தன்னை இறையியல் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டவர். 2006இல் நியூயார்க்கர் பத்திரிகை அவரைப் பற்றி அப்படியே எழுதியது. 2007இல் உண்மை வெளியே வந்தது: வயது 24, முனைவர் பட்டமும் இல்லை, பேராசிரியர் வேலையும் இல்லை. பொய்ப் பெயரில் எழுதியதற்காக அவரை யாரும் குறை சொல்லவில்லை, அது அங்கே சகஜம். கட்டுரை பற்றிய வாக்குவாதங்களில் "நான் பேராசிரியர், எனக்குத் தெரியும்" என்ற தொனியில் அந்தப் பட்டத்தைப் பயன்படுத்தியிருந்தார், அதைத்தான் மன்னிக்க முடியாமல் போனது. இத்தனைக்கும் அவர் நிறைய வேலை செய்தவர், பெரிய பொறுப்புகளில் இருந்தவர். எல்லாவற்றையும் விட்டுப் போக வேண்டியதாயிற்று. எனக்கு அந்தப் பையன்மேல் கொஞ்சம் பரிதாபம்தான். பட்டம் இல்லாமலே அவர் அங்கே மதிப்பாக இருந்திருக்கலாம்.

முதல் சில வாரங்கள்

ஆலமரத்தடி என்று ஒரு பக்கம் இருக்கிறது, எல்லாரும் கூடிப் பேசுகிற இடம். அங்கே முதலில் படியுங்கள். யார் கோபக்காரர், யார் நகைச்சுவைக்காரர், எந்தச் சண்டை ஏற்கெனவே மூன்று முறை நடந்து முடிந்தது என்று தெரியும். வந்த அன்றே "கிரந்த எழுத்தை ஏன் ஒழிக்கக் கூடாது" என்று ஒரு பதிவு போடாதீர்கள். ஜெர்மனியா, செருமனியா, யேர்மனியா என்று அங்கே மல்லுக்கட்டிக் களைத்துப்போனவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் சின்னச் சின்ன ஒழுங்குகள். திருத்தும்போது சுருக்கம் எழுதச் சொல்லி ஒரு பெட்டி வரும், அதைக் காலியாக விடாதீர்கள். "துணைக்கால் பிழைகள் திருத்தம்" என்று இரண்டு மூன்று சொல் போதும். பின்னால் வருகிறவருக்கு அரை நிமிடம் மிச்சம். பேச்சுப் பக்கத்தில், அதாவது ஒவ்வொரு பயனருக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் இருக்கிற கலந்துபேசும் இடத்தில், எழுதினால் கடைசியில் நான்கு அலைக்குறி (~~~~) போடுங்கள், உங்கள் பெயரும் நேரமும் தானாக வந்துவிடும். கையெழுத்தில்லாமல் எழுதினால் மொட்டைக் கடிதம் மாதிரி இருக்கும், யாரும் ரசிக்க மாட்டார்கள்.

யார் எதை மாற்றினார்கள் என்று காட்டுகிற வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் "நன்றி" என்று ஓர் இணைப்பு இருக்கும். அழுத்தினால் அவருக்கு ஓர் அறிவிப்புப் போகும். செலவில்லாத காரியம். ஆனால் கண்டபடி அழுத்தாதீர்கள். உங்களுக்கு உண்மையாகவே உதவிய திருத்தத்துக்கு மட்டும் அழுத்துங்கள். முடிந்தால் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி: "47ஆம் பக்கத்தில் விட்டுப்போன அடிக்குறிப்பைச் சேர்த்ததற்கு நன்றி." எந்தப் பக்கம், என்ன வேலை என்று சொல்கிற நன்றிக்கு இருக்கிற எடை, "அருமை, தொடருங்கள் தோழரே"வுக்குக் கிடையாது. அந்தத் "தொடருங்கள் தோழரே"வை ஒரே நாளில் பதினைந்து பேருக்கு ஒட்டுகிறவர்களை எல்லாரும் அடையாளம் கண்டுவைத்திருக்கிறார்கள்.

எப்படி அழைப்பது? எதிரே இருப்பவர் கல்லூரி மாணவரா, எழுபது வயதுக்காரரா, ஆணா பெண்ணா என்று தெரியாது. "நீங்கள்" எப்போதும் பத்திரம். ஐயா, அம்மா, அண்ணன் எல்லாம் அவர்களே தங்களைப் பற்றிச் சொன்ன பிறகு வைத்துக்கொள்ளலாம். "எந்த ஊர்?" என்று ஆரம்பித்து "ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு?" என்று தோண்டுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. எதற்காகத் தோண்டுகிறோம் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அதை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள் வேலையை ஒருவர் அழித்தால்

நம்பிக்கை உண்மையில் உருவாகிறதும் உடைகிறதும் இங்கேதான். ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நான் மஞ்சளாக்கிய ஒரு பக்கத்தில் "சுவற்றில்" என்று இருந்தது. இலக்கணப்படி "சுவரில்" என்றுதான் வர வேண்டும். ஆனால் ஸ்கேனில் அச்சானது "சுவற்றில்". அச்சில் இருப்பதை அப்படியே தருவதுதான் அங்கே வேலை என்பதால் விட்டுவைத்தேன். மறுநாள் பார்த்தால் ஒருவர் அதைச் "சுவரில்" என்று மாற்றியிருந்தார். அடுத்த பக்கத்திலும் அப்படியே. அதற்கடுத்த பக்கத்திலும்.

உடனே மீளமைத்துவிட, அதாவது பழையபடி திருப்பிவிட, கை துறுதுறுக்கும். அதைச் செய்யாதீர்கள். நீங்கள் ஒரு தடவை மாற்ற, அவர் ஒரு தடவை மாற்ற, சாயங்காலத்துக்குள் இரண்டு பேருக்கும் ரத்தக்கொதிப்பு ஏறியிருக்கும். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று தடவைக்கு மேல் மீளமைத்தால் தடை விழும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போயிருக்கிறது மனுஷக் குணம்.

முதலில் அந்த ஆளின் மற்ற பங்களிப்புகளைப் பாருங்கள். "பங்களிப்புகள்" பட்டியல் எல்லார் கண்ணுக்கும் திறந்துதான் இருக்கிறது. நான் பார்த்தபோது அவர் இருபது முப்பது பக்கங்களை அழகாகத் திருத்தியிருந்தார். சில்லறை விஷமி இல்லை, தமிழ் தெரிந்தவர், கவனமானவர். அப்படியென்றால் அவர் மாற்றியதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணத்தைக் கேட்பதுதான் அடுத்த படி.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அவர் பேச்சுப் பக்கத்தில் இப்படி எழுதினேன்: "வணக்கம். இந்தப் புத்தகத்தின் மூன்று பக்கங்களில் சுவற்றில் என்பதைச் சுவரில் என மாற்றியிருக்கிறீர்கள். ஸ்கேனில் சுவற்றில் என்றே உள்ளது. அச்சில் உள்ளபடியே விடலாம் என்பது என் எண்ணம். உங்கள் கருத்து என்ன?" இதில் "ஏன் இப்படிச் செய்தீர்கள்" கிடையாது. "விதி தெரியாதா" கிடையாது. எந்தப் பக்கம், எந்தச் சொல், நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள். அவ்வளவுதான்.

பதில் வந்தது. "ஐயா, வணக்கம். நீங்கள் சொல்வது விளங்குகிறது. ஆனால் நான் படிப்பிக்கிற பிள்ளைகள் இதை வாசிப்பார்கள். பிழையான வடிவத்தையே பழகிவிடுவார்கள் அல்லவா?" யாழ்ப்பாணத்தில் தமிழ் கற்பிக்கிற ஆசிரியர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு பேருமாக அதை ஆலமரத்தடிக்குக் கொண்டுபோனோம். மூன்றாமவர் ஒருவர் வந்து, அச்சில் உள்ளதை அப்படியே வைத்து, சரியான வடிவத்தைச் சுட்டிக்காட்ட ஒரு வார்ப்புரு, அதாவது எடுத்துச் செருகிக்கொள்ளும் ஆயத்தக் குறியீடு, இருக்கிறது என்று காட்டினார். சொல்லின்மேல் சுட்டியை வைத்தால் "சுவரில்" என்று தெரியும். புத்தகமும் கெடவில்லை, பிள்ளைகளும் கெடவில்லை. ஆசிரியர் தான் மாற்றிய பக்கங்களைத் தானே போய்ச் சரிசெய்தார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து என் மஞ்சள் பக்கங்களை அதிகமாகப் பச்சையாக்கியவர் அவர்தான். நான் "டீச்சர்" என்று எழுதுவேன், அவர் "ரீச்சர்" என்று கையெழுத்துப் போடுவார். அதைப் பற்றி நாங்கள் இதுவரை விவாதம் வைக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. எல்லாம் திறந்த இடத்தில் நடந்தது. தனிமெயிலில் நாங்கள் இருவர் மட்டும் பேசி முடித்திருந்தால் அந்த மூன்றாமவர் வந்திருக்க மாட்டார், வார்ப்புருவும் கிடைத்திருக்காது. அடுத்து இதே சந்தேகம் வருகிறவர் மறுபடி முதலிலிருந்து சண்டை போட வேண்டியிருக்கும்.

சரி, எதிராளி நியாயமாகப் பேசாவிட்டால்? ஒரு தடவை கேளுங்கள், இரண்டு நாள் விடுங்கள், இன்னொரு தடவை கேளுங்கள். அப்புறம் ஆலமரத்தடியில் விஷயத்தை மட்டும் வையுங்கள். "இந்தப் பக்கத்தில் இரண்டு கருத்து இருக்கிறது, மற்றவர்கள் பார்க்க வேண்டும்" என்று. ஆளைப் பற்றி எழுதாதீர்கள். உங்கள் பக்கம் ஆள் சேர்க்க நண்பர்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பாதீர்கள், அது எப்படியும் வெளியே வந்துவிடும். இன்னொரு கணக்குத் தொடங்கி உங்களுக்கு நீங்களே "ஆமாம் ஆமாம்" போடுவதைக் கைப்பாவை என்பார்கள். கண்டுபிடிக்க அவர்களிடம் கருவி இருக்கிறது. பிடிபட்டால் நீங்கள் செய்த நல்ல வேலையையும் சேர்த்து எல்லாரும் சந்தேகமாகத் திருப்பிப் பார்ப்பார்கள்.

தனிப்பேச்சு எப்போது

அவசரமே வேண்டாம். பொதுப் பக்கத்தில் சில மாதம் பழகிய பிறகு, இரண்டு பேருக்கும் தேவை இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். விக்கியில் "இப்பயனருக்கு மின்னஞ்சல் செய்" என்று ஒரு வசதி உண்டு. அதில் நீங்கள் எழுதினால் உங்கள் மின்னஞ்சல் முகவரி அவருக்குத் தெரிந்துவிடும், அவருடையது அவர் பதில் போட்டால்தான் உங்களுக்குத் தெரியும். ஆகவே அந்த வேலைக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்வது நல்லது.

வாட்ஸ்அப் எண் கேட்கிறவரிடம் "எதற்கு?" என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல மனிதர் காரணம் சொல்வார், கோபித்துக்கொள்ள மாட்டார். பெண்கள் எழுதுகிற குழுக்களில் "சாப்பிட்டீங்களா", "என்ன ஆளையே காணோம்" என்று தனிச்செய்தி அனுப்புகிற ஆண்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் அது விசாரிப்பு, மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைக்கிறவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். உங்கள் விசாரிப்புக்குப் பயந்து வேலையை விட்டுப்போன நல்ல கைகள் உண்டு.

பணம். இதில் நான் கறார். எந்த இணையக் குழுவில் பழகினாலும் முகம் தெரியாத ஆளுக்குக் கடன் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். ஒருவரின் மெய்ப்பை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். அதற்காக அவரிடம் ஏடிஎம் கார்டைக் கொடுக்க மாட்டேன், அவரும் எதிர்பார்க்க மாட்டார்.

உதவி என்ற பெயரில் வசூல் செய்கிற கூட்டமும் இருக்கிறது. 2015இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பெரிய வலையைப் பிடித்தார்கள். ஆரஞ்ச்மூடி என்று பெயர், அந்தக் கும்பலில் முதலில் சிக்கிய கணக்கின் பெயர் அது. நிராகரிக்கப்பட்ட கட்டுரைகளைத் தேடிப் பிடித்து, சம்பந்தப்பட்ட சின்ன நிறுவனங்களிடமும் ஆட்களிடமும் போய், "நான் அனுபவமுள்ள பயனர், பணம் கொடுத்தால் வெளியிட்டுத் தருகிறேன்" என்பார்கள். வெளியான பிறகு, "மாதாமாதம் கொடுத்தால் அழியாமல் பாதுகாக்கிறேன்" என்று மறுபடி வருவார்கள். 381 கணக்குகளைத் தடைசெய்தார்கள், இருநூற்றுச் சொச்சம் கட்டுரைகளை நீக்கினார்கள். உங்களிடமும் யாராவது "உங்கள் பெயரில் ஒரு பக்கம் போட்டுத் தருகிறேன், இவ்வளவு ஆகும்" என்று வந்தால், அது நட்பும் இல்லை, விக்கியும் இல்லை. அந்தச் செய்தியைப் படம் எடுத்து ஒரு நிர்வாகியின் பேச்சுப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

நேரில் பார்ப்பது

கல்லூரிகளில் விக்கிப் பயிலரங்குகள் நடக்கும், ஆண்டு விழாக்கள் நடக்கும். தமிழ் விக்கிப்பீடியாவின் பத்தாண்டு விழா 2013இல் சென்னையில் நடந்தது. முதல் சந்திப்பை இப்படிப் பலர் இருக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். போட்டோ எடுத்தால் ஏற்றுவதற்கு முன் கேளுங்கள், புனைபெயரில் எழுதுகிற அரசு ஊழியர் ஒருவரின் முகமும் பெயரும் ஒன்றாக வெளியே போனால் அவருக்குத் தொல்லை.

நேரில் பார்த்ததும் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். எழுத்தில் சரளமாகப் பேசுகிறவர் நேரில் வாயே திறக்க மாட்டார். சேலத்து இளைஞரும் நானும் முதல் அரை மணி நேரம் காப்பியைப் பற்றியே பேசினோம். அப்புறம் அவர் மடிக்கணினியைத் திறந்து ஓர் அட்டவணையைக் காட்டினார், பழையபடி ஆகிவிட்டோம்.

ஆள் காணாமல் போனால்

தேர்வு, பிரசவம், வேலை மாற்றம், உடம்பு சரியில்லை, அல்லது வெறுமனே சலிப்பு. சொல்லிக்கொள்ளாமல் போகிறவர்கள்தான் அதிகம். அவர் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள்: "உங்கள் புத்தகத்தின் மீதிப் பக்கங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். வரும்போது வாருங்கள்." அவரைத் தேடி முகநூலில் நுழைந்து, அவர் அலுவலகத்தைக் கண்டுபிடித்துத் தொலைபேசி செய்வதெல்லாம் கூடாது. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் எங்கே போனீர்கள் என்று குடையாதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக ஒருவர் வந்தால்

கொஞ்ச நாளில் நீங்களே பழைய ஆள் ஆகிவிடுவீர்கள். வரவேற்பு வார்ப்புரு ஒன்று தானாக எல்லாருக்கும் போகும், அதை யாரும் படிப்பதில்லை. அதற்குக் கீழே உங்கள் கையால் இரண்டு வரி எழுதுங்கள். அவர் என்ன திருத்தினார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். சின்னப் புத்தகமாக, 1978க்குப் பிறகு அச்சானதாக, ஸ்கேன் தெளிவாக இருப்பதாக ஒன்றைக் காட்டுங்கள். எடுத்ததும் பழைய எழுத்துப் புத்தகத்தைக் கொடுத்தால் ஓடிவிடுவார். அவர் மஞ்சளாக்கிய முதல் பக்கத்தை நீங்களே பச்சையாக்குங்கள். பிழை இருந்தால் திருத்திவிட்டு, என்ன திருத்தினீர்கள் என்று அவர் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள். பத்துப் பிழை இருந்தாலும் முக்கியமான இரண்டை மட்டும் சொல்லுங்கள். மீதியை அடுத்த பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.